‘உறவு’ கட்டத்தில் என்ன எழுத? ஒருபால் திருமணம் பற்றி ஒரு விவாதம்

#1 எழுத்தாணி, சித்தூர் தாலுகா

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆதாரம் எழுதுகிறவன். தமிழ்நாட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன், பாலக்காட்டில் ஆதாரம் என்றால் அட்டை இல்லை, பத்திரம். மலையாளத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது முப்பது வருடப் பிழைப்பு.

போன வாரம் ரெண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும், மற்றவருக்கு ஒன்றிரண்டு குறைவு. ஒழலப்பதிப் பக்கம் பதினெட்டு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு, நாலு மாடு, ரெண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால். வீடும் முப்பத்தெட்டு செண்ட்டும் மூத்தவர் பேரில் இருக்கிறது. “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணன் மக்க மறுநாளே இவளை வெளிய தள்ளிருவாங்க. ஒரு காயிதம் போடுங்க” என்றார்.

தனநிச்சயம், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கிற பத்திரம், எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் பேருக்குத்தான். வெளியாள் என்றால் 8 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். “உறவு என்னன்னு போடட்டும்?” என்று கேட்டேன். மூத்தவர் என்னைப் பார்த்தார். இளையவர் சுவரில் இருந்த கேலண்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கூட இருக்கிறவ-ன்னு போடுங்க” என்றார்.

அந்த உறவுக்குக் கட்டணச் சலுகை கிடையாது.

அவர்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து மண்டையில் ஓடுகிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்வதைச் சட்டம் ஏற்க வேண்டுமா, கூடாதா? ரெண்டு பக்கமும் கேட்க ஆசை. வசவு மட்டும் வேண்டாம்.

#2 மணியன் வாத்தியார், வேலந்தாவளம்

தம்பி, நான் எதிர்ப்பக்கம். அந்த ரெண்டு பேரை எவனாவது வெளியே தள்ள வந்தால் நானே போய் வாசலில் நிற்பேன். அது வேறு, கல்யாணம் வேறு.

நம் பக்கம் கல்யாணம் ரெண்டு பேர் சமாச்சாரமா? உப்புச் சர்க்கரை மாற்றுவதில் தொடங்கி இணைச்சீர் வரைக்கும் ஒவ்வொரு சடங்கிலும் ஒரு உறவுக்காரருக்கு வேலை இருக்கிறது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீருக்கு உட்கார்கிறாள் என்றால், நாளைக்கு உன் பிள்ளைக்கு நான் அத்தை, எனக்கும் உரிமை உண்டு என்று ஊர் முன்னால் சொல்கிறாள். அடுத்த தலைமுறைக்குப் பேரும் முறையும் கொடுக்கிற ஏற்பாடு அது. ஆண், பெண் என்பதை அதிலிருந்து உருவிவிட்டால் மிஞ்சுவது ரெண்டு சிநேகிதர்களின் ஒப்பந்தம். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும், யார் தடுத்தது? கல்யாணம் என்ற பேர் எதற்கு?

#3 வாளையார் லாரி

சார், இணைச்சீருக்கு அக்கா தங்கச்சிக்கு இப்ப எங்கே போறது? எல்லா வீட்டிலும் ஒத்தைப் பிள்ளை. போன தை மாசம் எங்க அத்தை பையன் கல்யாணத்தில் ஒன்றுவிட்ட தங்கச்சியைத் தேடிப்பிடித்து மணையில் உட்காரவைத்தோம். அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பேரே சரியாகத் தெரியாது. சீர் நடந்துதுங்க, யாரும் பந்தியை விட்டு எழுந்து போகவில்லை.

#4 புனலூர் ஜூனியர்

ஆரியங்காவுப் பூர்வீகம், புனலூரில் வக்கீல். பேசுவதற்கு முன்னால் சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் பாதிப்பேர் “2018-லயே கல்யாணம் செல்லும்னு சொல்லிட்டாங்க” என்கிறார்கள். தப்பு.

2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, வயது வந்த ரெண்டு பேர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்பது மட்டும்தான். கல்யாண வழக்கு 2023-ல் வந்தது. ஏப்ரல் 18-ல் தொடங்கிப் பத்து நாள் வாதம், அக்டோபர் 17-ல் தீர்ப்பு. கல்யாணம் செய்வது அடிப்படை உரிமை இல்லை, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி வாசிக்க முடியாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. பிளவு அதற்கப்புறம்தான். சந்திரசூட், கவுல் இருவரும் இணையர்களின் சேர்க்கைக்கு அரசு ஏதாவது அங்கீகாரம் தந்தாக வேண்டும் என்றார்கள். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அதையும் கோர்ட் உத்தரவாகப் போட முடியாது என்றார்கள். சேர்ந்து தத்தெடுப்பதிலும் இதே மூன்றுக்கு இரண்டு. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

ஆக, இன்றைய தேதிக்குப் பந்து பாராளுமன்றத்தில். எழுத்தாணி அண்ணா, உங்கள் கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுத வழியில்லை.

#5 மணியன் வாத்தியார், வேலந்தாவளம்

வக்கீல் தம்பி என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். நானும் அதையேதான் சொல்கிறேன். கல்யாணத்தில் மாற்றம் வேண்டுமென்றால் சட்டசபை வழியாக வரட்டும்.

சுயமரியாதைக் கல்யாணத்தையே பாருங்கள். ஐயர் இல்லை, தீ இல்லை, மாலை மாற்றினால் போதும் என்று பெரியார் நடத்திவைத்தார். 1953-ல் சென்னை ஹைகோர்ட் அது செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் சட்டம் கொண்டுவந்தார், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு ஏறியது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபை செய்தது. எவனும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து பேர் டெல்லியில் உட்கார்ந்து செய்திருந்தால் ஊர் ஏற்றிருக்குமா? மத்திய அரசின் வக்கீல் அந்த வழக்கில் 160 சட்டப்பிரிவுகள் இடிக்கும் என்று பட்டியல் போட்டார். கணவன், மனைவி, விதவை, ஜீவனாம்சம், வரதட்சணை என்று ஒவ்வொன்றையும் யார் உட்கார்ந்து மாற்றுவது?

#6 புனலூர் ஜூனியர்

சார், நல்ல உதாரணம், ஆனால் அதில் பாதிதான் சொன்னீர்கள். சுயமரியாதைக் கல்யாணம் 1920-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. சட்டம் வர நாற்பது வருடம். அதுவரை அப்படிக் கல்யாணம் செய்தவர்களின் மனைவிமார் சட்டத்தின் கண்ணில் யார்? பிள்ளைகள் யார்? 1953 தீர்ப்பு வந்த அன்றைக்கு அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணாவின் சட்டத்தில் எனக்குப் பிடித்ததே, பழைய கல்யாணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டுச் சேர்த்தது. நீங்கள் இத்தனை நாள் வாழ்ந்தது பொய்யில்லை என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் கொடுத்தது.

இன்னொன்று. அந்த 7-ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். வேலந்தாவளம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாலை மாற்றினால் அந்தப் பிரிவில் கல்யாணம். இந்தப் பக்கம் மாற்றினால் அந்தப் பிரிவே கிடையாது. கல்யாணம் என்பது காலங்காலமாக ஒரே அச்சு என்று எல்லையில் வாழ்கிற நாமே சொன்னால் எப்படி?

#7 மணியன் வாத்தியார், வேலந்தாவளம்

பாலத்தைப் பிடித்துவிட்டாய். சரி, அந்தப் பிரிவிலும் ‘கணவன்’ ‘மனைவி’ என்றுதானே இருக்கிறது?

#8 புனலூர் ஜூனியர்

இருக்கிறது சார். மறுக்கவில்லை. தொடக்கத்தில் ‘எந்த இரண்டு இந்துக்களும்’ என்றும் இருக்கிறது. ரெண்டு பக்கமும் அதே பிரிவைக் காட்டி வாதாடலாம், எங்கள் தொழில் அப்படித்தான் ஓடுகிறது.

#9 சிஸ்டர் மீனாட்சிபுரம்

வாத்தியாரே, வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் ஐசியூ நர்ஸ். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு விபத்துக் கேஸ். கூட வந்தவர் நாற்பது வயது ஆண். கையில் ஒரு கேரி பேக். அதில் அடிபட்டவரின் செருப்பு, வாட்ச், மூக்குக்கண்ணாடி. கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது, அதையும் துடைத்து வைத்திருந்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாம் மனப்பாடம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து என்றதும் பேனாவை வாங்கினார். ‘உறவு’ என்ற இடத்தில் ‘நண்பர்’ என்று எழுதினார். டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த உறவு யாராவது வரட்டும் என்றார். திருப்பூரிலிருந்து தம்பி வந்து சேர விடிந்துவிட்டது. அந்தத் தம்பி அண்ணனைப் பார்த்தே ஆறு வருடமாம். அவர் போட்ட கையெழுத்து செல்லுபடி ஆயிற்று.

அடிபட்டவர் பிழைத்துவிட்டார், அதனால் இதைச் சொல்ல முடிகிறது. வாத்தியார் சொல்கிற ‘ஒப்பந்தம்’ அன்றைக்கு அவர் பையில் இருந்திருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வாசிப்பார்கள்? தாலியைக் காட்டினால் யாரும் பத்திரம் கேட்பதில்லை. சர்ட்டிபிகேட் கூடக் கேட்பதில்லை. நான் கேட்டதில்லை.

#10 கல்யாணமே வேண்டாம்

நான் எதிர்ப்பு, ஆனால் வாத்தியார் அணியில் சேர்த்துவிடாதீர்கள்.

சிஸ்டர் அக்கா சொன்னது எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனால் அதற்கு மருந்து கல்யாணமா? நான் கேட்பது வேறு. தாலியைக் கண்டதும் எல்லாக் கதவும் திறக்கிறது, மற்ற எல்லாருக்கும் மூடுகிறது. இதுதானே நோய்? ஜாதி பார்த்து, பவுன் பேசி, பெண்ணை இடம் மாற்றி நடுகிற ஒரு ஏற்பாட்டுக்குள் எங்களையும் விடுங்கள் என்று ஏன் க்யூவில் நிற்க வேண்டும்? ரெண்டு விதவைச் சகோதரிகள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கையெழுத்து வேண்டாமா? பெல்ஜியத்தில் ஒரே வீட்டில் வாழ்கிற உடன்பிறப்புகள்கூடப் பதிந்துகொள்கிற ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதுமாதிரி கேட்டால் எழுத்தாணி அண்ணன் வாடிக்கையாளர்களிடம் ‘நீங்க ரெண்டு பேரும் என்ன?’ என்று யாரும் கேட்கவே வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் உண்டு. சட்டத்தில் ‘மனைவி’ என்பதை ‘இணையர்’ என்று பொதுவாக்கினால் மனைவிக்கென்று இருக்கிற பாதுகாப்பு நீர்த்துப்போகும். நீதிபதி பட் தன் தீர்ப்பில் இதைத் தொட்டிருக்கிறார்.

#11 குப்பம் ரவி

அந்தப் பயத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில். நாங்கள் ஆந்திராவில் இருக்கிற தமிழர்கள், எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் ஆந்திர ஹைகோர்ட், ஆணைக் கல்யாணம் செய்த திருநங்கையும் ‘பெண்’தான், கணவன் வீட்டுக் கொடுமைக்கு 498-ஏ பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஆதாரம் போதவில்லை என்று புகாரை ரத்தும் செய்தது, அது வேறு. சொல்ல வந்தது, சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல்லை அகலப்படுத்தியதால் யார் பாதுகாப்பு குறைந்தது? 2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தூத்துக்குடித் தம்பதிக்குத் தீர்ப்புக் கொடுத்தாரே, அப்போதும் வானம் இடியவில்லை. 2023 தீர்ப்பிலும், எதிர்பால் உறவில் இருக்கிற திருநர்கள் இப்போதுள்ள சட்டத்திலேயே கல்யாணம் செய்யலாம் என்று ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

#12 கல்யாணமே வேண்டாம்

ரவி, அந்த ரெண்டு வழக்கிலும் ஒரு ஆண், ஒரு பெண் என்ற சட்டகம் அப்படியே இருக்கிறது. சட்டகத்துக்குள் யாரை உட்காரவைப்பது என்பதுதான் மாறியது. ரெண்டு ஆண்கள் பிரிந்தால் ஜீவனாம்சம் யார் யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

#13 குப்பம் ரவி

சம்பாதிக்கிறவர் சம்பாதிக்காதவருக்கு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தே சொல்லிவிடும். ஆனால் நீங்கள் சொல்வதும் சரிதான், சட்டப் புத்தகத்தில் ‘கணவன்’ என்று அச்சடித்திருக்கிறதே.

#14

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. மதத்தை இழுத்து வசவு. இரண்டாவது எச்சரிக்கை. – நெறியாளர்]

#15 பேர் வேண்டாம் 77

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து மூன்று தடவை அழித்தேன்.

கொல்லங்கோட்டுக்காரன், இப்போது பெங்களூர். நான் யார் என்று இந்த விவாதத்தின் தலைப்பே சொல்லும். கோர்ட்டில் மத்திய அரசு இதை நகரத்து மேட்டுக்குடிக்காரர்களின் பார்வை என்றது. எங்கள் வீட்டில் ஆறு ஏக்கர் நெல்லும் ஒரு பவர் டில்லரும் இருக்கிறது. நகரத்தில் பிறந்தவன் இல்லை நான், நகரத்துக்கு ஓடிப்போனவன். ஊரில் இருக்க முடியாதவனை ஊரைவிட்டு விரட்டிவிட்டு, இதெல்லாம் ஊரில் இல்லை, நகரத்தில்தான் இருக்கிறது என்றால் கணக்குச் சரியாகத்தானே வரும்?

கல்யாணமே வேண்டாம் என்கிறவருக்கு: உங்கள் தத்துவம் புரிகிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஒரு கல்யாணம் இருந்தது. எனக்கு மறுக்கிறதற்குக்கூட ஒன்று கிடைக்கவில்லை. எனக்கு வாழைமரம் கட்டின வாசல் வேண்டும். எங்கள் அம்மா பட்டுப்புடவையில் வெயிலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க வேண்டும். சின்ன ஆசை, அசட்டு ஆசை என்றாலும் சரி.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று. நாளைக்கே சட்டம் வந்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் சேர்த்தாலும் முப்பது நாள் நோட்டீஸ் இருக்கிறது. ரெண்டு பேர் பேர், விலாசத்தோடு ரிஜிஸ்தர் ஆபீஸ் பலகையில். வேறு மதம், வேறு ஜாதியில் கட்டுகிறவர்களுக்கே அந்த முப்பது நாளில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பலகையில் என் பேரா? முப்பது நிமிஷம் போதும்.

#16 வாளையார் லாரி

தம்பி, கொல்லங்கோட்டில் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டேன். ஆனால் கல்யாணம் நடந்தால் வாழைமரம் என் வண்டியில் வரும். வாடகை வேண்டாம். டீசல் மட்டும்.

#17 மணியன் வாத்தியார், வேலந்தாவளம்

77, உங்கள் பதிவை ரெண்டு தடவை வாசித்தேன். என் பழைய மாணவனாகக்கூட இருக்கலாம். மனசு கனக்கிறது. ஆனால் மனசு கனப்பதால் மட்டும் என் வாதத்தை மாற்றிக்கொண்டால் அது உங்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை.

என் பிடி குழந்தை விஷயத்தில். கல்யாணம் என்று பதிந்தால் தத்தெடுப்பு தானாக வரும். வளர்க்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன், அம்மா அப்பா ரெண்டு பேரும் இருந்தும் அநாதையாகத் திரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா பேர், அம்மா பேர் என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கேட்கிற நாட்டில் அந்தப் பிள்ளையை வகுப்பில் மற்றவை என்ன பாடு படுத்தும்? ஊர் முதலில் மாறட்டும், சட்டம் பின்னால் வரட்டும். தலைகீழாக வந்தால் அடி வாங்குவது குழந்தை.

#18 சிஸ்டர் மீனாட்சிபுரம்

வாத்தியாரே, இப்போதே தனி ஆள் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆக, ஒரு பெண் தனியாகத் தத்தெடுத்து, கூட இருக்கிறவளும் சேர்ந்து வளர்க்கிற வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டாவது ஆளுக்கு அந்தக் குழந்தை மேல் உரிமையும் கடமையும் வருவதைச் சட்டம் தடுக்கிறது. தத்தெடுத்தவள் செத்தால் குழந்தை யாரிடம் போகும்? பரிகாசம் பண்ணுகிற பையனைக் கண்டிக்க உங்களை மாதிரி வாத்தியார் போதும். இதற்கு வாத்தியார் என்ன செய்ய முடியும்?

#19 மணியன் வாத்தியார், வேலந்தாவளம்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

#20 புனலூர் ஜூனியர்

கல்யாணம் இல்லாமலே நடந்திருக்கிற சில விஷயங்கள். 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ‘குடும்ப இணைவு ஒப்பந்தம்’ போலொன்று பதிந்துகொள்ள வழிசெய்யுங்கள் என்று தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். வாத்தியார் கேட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய அதுதான். 2025 மே மாதம் அதே கோர்ட்டில் வேலூர் மாவட்ட வழக்கு ஒன்று. பெற்றோர் பிடித்து வைத்திருந்த பெண்ணை இரண்டு நீதிபதிகள் விடுவித்தார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். அதில் ஒருவர் ரவி சொன்ன அதே சுவாமிநாதன். ஆளைப் பார்த்து அணி பிரிக்கிறவர்கள் கவனிக்கவும்.

மத்திய அரசும் 2024-ல் சில சுற்றறிக்கை விட்டது. ரேஷன் கார்டுக்கு இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை. நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது உடலை இணையர் கேட்டு வாங்கலாம்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். யாரும் இல்லாதபோது.

2024 பிப்ரவரியில் கொச்சியில் மாடியிலிருந்து விழுந்து இறந்த ஒருவரின் இணையர் உடலுக்காகக் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். உடல் குடும்பத்துக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் வைத்துக் கடைசியாகப் பார்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. கல்யாணமே வேண்டாம் அக்கா, இந்த ஒட்டுப்போட்ட குடையைத்தான் நீங்கள் போதும் என்கிறீர்களா?

#21 கல்யாணமே வேண்டாம்

போதும் என்று நான் எங்கே சொன்னேன்? குடையைப் பெரிதாக்கு என்கிறேன். கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் பெரிய குடை கொடுக்காதே என்கிறேன். 77 சொன்னது குத்தியது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டாம் என்பதற்காக அவருக்குக் கூடாது என்று சொல்ல நான் யார்? அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். முப்பது நாள் நோட்டீஸை எடுப்பதற்கு ஊர்வலம் வைத்தால் நான் முதல் வரிசை.

#22 எழுத்தாணி, சித்தூர் தாலுகா

நான் கேட்டதைவிட நிறைய கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் மறுபடி வந்தார்கள். பத்து சதவீதம் கட்டுகிற வசதி இல்லை, அதனால் ஒஸ்யத்து, அதாவது உயில், எழுதுவோம் என்றேன். முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை, ரெண்டு சாட்சி போதும், பதிந்தும் வைக்கலாம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொன்னேன். உயில் என்பது எழுதியவர் மனசு மாறினால் மாறும், எழுதியவர் போனபின் அண்ணன் மக்கள் கேஸ் போட்டால் இழுக்கும். மனைவி என்றால் வாரிசு அவளே, அண்ணன் மக்கள் வாசற்படி ஏற முடியாது. உங்களுக்கு அப்படி இல்லை. மூத்தவர் தலையை ஆட்டினார். “கேஸ் போட்டா போடட்டும். இவ சண்டைக்காரி” என்றார்.

ஒஸ்யத்தில் உறவுக் கட்டம் கிடையாது. நம் இஷ்டத்துக்கு எழுதலாம். ‘பதினெட்டு வருடமாக என்னோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, என் நோயிலும் நொடியிலும் என்னைப் பராமரித்து வருகிறவரும், இனி என் காலம் வரைக்கும் பராமரிப்பார் என்று நான் பூரணமாக நம்புகிறவருமான’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு எழுதுகிற அதே வாசகம்தான், நூறு தடவை எழுதியிருக்கிறேன். மூத்தவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இளையவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எனக்கும் ஒண்ணு எழுதணும்” என்றார். என்ன இருக்கிறது என்றேன். நாலு மாட்டில் ரெண்டு அவருடையது, சொசைட்டிப் புத்தகமும் அவர் பேரில்.

“மாட்டையெல்லாம் எழுதலாமா?”

எழுதலாம், அசையும் சொத்து என்றேன். எந்த ரெண்டு மாடு என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்து, செவலை யாருடையது என்று அரைமணி நேரம் என் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.